ஆயில் மூடியில் வெள்ளைக் களிம்பு: ஹெட்டைக் கழற்றும் முன் பிரீதர் குழாயைப் பாருங்கள்

மார்கழி பிறந்து தை முடியும் வரை வேலூரில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரே மாதிரி போன்கள் வரும். "அண்ணா, ஆயில் மூடியத் திறந்து பாத்தேன். அடியில வெள்ளையா களிம்பு மாதிரி ஒட்டிக்கினு கீது. ஹெட் கேஸ்கெட் போயிடுச்சின்றாங்க. இன்னா பண்றது?" ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே உட்காரும் இன்ஜினின் தலை. அதன் அடியில் இருக்கும் பேக்கிங்தான் கேஸ்கெட், அது போனால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் ஆயிலில் கலந்துவிடும். பேசுபவரின் குரலிலேயே கலக்கம் தெரியும். கலங்காமல் என்ன செய்வார்கள்? ஹெட்டை இறக்கி ஏற்றுவதென்றால் சின்னக் காருக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும், வண்டியும் நாள்கணக்கில் நிற்கும்.

அந்தக் களிம்பு தெரிந்ததும் ஹெட்டில் கை வைப்பது எங்கள் தொழிலில் வேகமாகப் பரவிவிட்ட ஒரு கெட்ட பழக்கம். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். களிம்பு மட்டுமில்லை, இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரில் ஆயில் கசிவு, அடியில் சுற்றும் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் சீலில் கசிவு, ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பி தானாக மேலே எழும்பி நிற்பது என்று வரும் புகார்களில் நிறைய, இன்ஜினின் வயிற்றில் சேரும் புகையும் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் வருபவை. வழி எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

போன குளிர்காலத்தில் காந்தி நகரிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் சின்ன பெட்ரோல் காரைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் ஹெட் வேலை என்று சொல்லி எஸ்டிமேட்டும் கொடுத்திருந்தார்கள். மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முழுக்க வெளிர் மஞ்சள் களிம்பு, விரலால் வழித்தால் வழவழவென்று வந்தது. விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்தால் அதற்குள் சின்னச் சின்ன நீர்த்துளிகள். ஆயில் ஊற்றும் வாயின் கழுத்திலும் அதுவே ஒட்டியிருந்தது. டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் தெளிவாக, தேன் நிறம் கொஞ்சம் கறுத்த மாதிரி இருந்தது. ரேடியேட்டர் டப்பாவில் கூலண்ட் அளவு கோட்டில் நின்றது, அதன் மேலே எண்ணெய்ப் படலம் எதுவும் இல்லை. "டீச்சர், வண்டி தினம் எவ்ளோ தூரம் ஓடுது?" என்று கேட்டேன். "காலைல கோயிலுக்கு, சாயங்காலம் பேத்தியை டியூஷன்ல விட்டுட்டு வருவேன். அவ்ளோதான்பா" என்றார். அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு இன்ஜினுக்குள் போக வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் இருந்தாலும், சிலிண்டருக்குள் எரியும் வாயுவை அவை முழுக்க அடைத்து நிறுத்துவதில்லை. புது இன்ஜினாக இருந்தாலும் ஒவ்வொரு வெடிப்பின்போதும் கொஞ்சம் வாயு ரிங் ஓரமாக நழுவிக் கீழே கிராங்க் கேஸுக்குள், அதாவது இன்ஜினின் வயிற்றுக்குள், இறங்கும். அதைத்தான் புளோ-பை என்கிறார்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப் பேச்சில் அது பேக் கம்ப்ரஷன். அந்த வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவி, கரிப்புகை, நைட்ரஜன் ஆக்சைடுகள் எல்லாம் உண்டு. கூடவே தண்ணீரும் உண்டு, அதுவும் நிறைய. பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் எரிந்தால் தண்ணீராகத்தானே ஆக வேண்டும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பங்கு ஆவியாகச் சைலன்ஸர் வழியே போய்விடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டெயில் பைப்பிலிருந்து சொட்டுவது அந்தத் தண்ணீர்தான். ஒரு சிறு பங்கு ரிங்கைத் தாண்டி ஆயில் இருக்கும் இடத்துக்கு வந்து சேருகிறது.

எரிந்த புகையில் இருக்கும் ஈரம், ஏறக்குறைய 50 டிகிரிக்குக் கீழே இருக்கும் உலோகத்தில் பட்டாலே தண்ணீராகப் படியத் தொடங்கும். இதைத்தான் நம் ஊர்க்காரர்கள் யோசிப்பதில்லை. "வேலூர்ல ஏதுங்க குளிரு?" என்பார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி வாட்டும் ஊர் இது, அதை யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும், பாலாற்றங்கரை ஓரம் பனிமூட்டம் நிற்கும். ஏலகிரியில் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இன்னும் குறையும். நமக்கு அது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடிக்கிற இதமான குளிர்தான். இன்ஜினின் கணக்கில் 20 டிகிரி என்பது உள்ளே வருகிற ஆவியெல்லாம் தண்ணீராகிவிடும் குளிர். ஆயில் மூடியும் டேப்பெட் கவரும்தான் வெளிக்காற்று படும் மெல்லிய பாகங்கள். கடைசியில் சூடாவதும் முதலில் ஆறுவதும் அவைதான். இட்லிப் பானை மூடியின் அடியில் வியர்க்கிற மாதிரி அங்கே வியர்க்கும். அந்த வியர்வை ஆயிலோடு கலந்து அடிபட்டால் களிம்பு.

சரி, அப்படியானால் எல்லா வண்டியிலும் களிம்பு பிடிக்க வேண்டுமே? பிடிக்காததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, இன்ஜின் நன்றாகச் சூடானால் ஆயிலில் கலந்த தண்ணீர் மறுபடியும் ஆவியாகிவிடும். இரண்டு, அந்த ஆவியை வெளியே இழுத்துக்கொண்டு போக ஒரு வழி உண்டு. டீச்சர் காரில் முதல் காரணம் நடக்கவே இல்லை. டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் சில நிமிடங்களிலேயே நடுவுக்கு வந்துவிடும், ஆனால் அது காட்டுவது கூலண்டின் சூட்டை. ஆயில் அதற்கு ரொம்பப் பின்னால்தான் வரும், நன்றாகச் சூடேற கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஓட்டம் வேண்டும். சத்துவாச்சாரியிலிருந்து சி.எம்.சி. ஆஸ்பத்திரி வரை நெரிசலில் ஊர்ந்துபோய் நிறுத்தினால் ஆயில் வெதுவெதுப்பாகும்போதே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். தினமும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே சேர்கிறது, ஒரு நாளும் அது வற்றுவதில்லை.

இரண்டாவது காரணமான அந்த வழியைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

பழைய வண்டிகளில் அது வெறும் குழாய், பிரீதர் குழாய் என்பார்கள். இன்ஜினிலிருந்து கீழே ரோட்டைப் பார்த்துத் தொங்கும். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று குழாய் வாயிலிருந்து புகையை இழுத்துக்கொள்ளும். பழைய லாரி நின்ற இடத்தில் ஆயில் சொட்டுச் சொட்டாகத் தரையில் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வண்டி நின்றால் இழுப்பும் நின்றுவிடும் என்பது ஒரு குறை. இழுத்த விஷமெல்லாம் ஊர்க்காற்றில் கலந்தது அதைவிடப் பெரிய குறை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூடியபோது, கார் வெளியே விடும் எரியாத எரிபொருளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியே வராமல் இந்தக் குழாய் வழியே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்கும் கார்களில் இந்தப் புகையை மறுபடியும் இன்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் ஏற்பாடு வந்தது. அதன் பெயர் பி.சி.வி., அதாவது பாசிட்டிவ் கிராங்க் கேஸ் வென்டிலேஷன். இன்று நம் ரோட்டில் ஓடும் பெட்ரோல் கார் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது.

சாதாரண பெட்ரோல் இன்ஜினில் அது வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். விரல் நீளம்கூட இல்லாத ஒரு வால்வு. உள்ளே ஒரு ஸ்பிரிங், கூம்பு மாதிரி ஒரு ஊசி. ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஓடவிடும்போது, இன்ஜின் பலமாக உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஊசியை இழுத்து வழியைக் குறுக்கிவிடும், ஏனென்றால் அப்போது புளோ-பை குறைவு. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும். ஸ்பிரிங் ஊசியைத் தள்ளி வழியை அகலமாக்கும், புளோ-பை அதிகமாகிற நேரமும் அதுதான். இன்ஜின் பின்னடித்துத் தீப்பொறி வந்தால் ஊசி முழுக்க மூடிக்கொள்ளும், நெருப்பு கிராங்க் கேஸுக்குள் போகாது. கரண்டும் கம்ப்யூட்டரும் இல்லாமல் ஒரு ஸ்பிரிங்கை வைத்து இத்தனையும் செய்கிறது. மறுபக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஒரு குழாய் டேப்பெட் கவருக்கு வரும். சுத்தமான காற்று அதன் வழியே உள்ளே போய், ஈரத்தையும் புகையையும் வாரிக்கொண்டு, இன்ஜின் காற்றை உறிஞ்சும் வழியான இன்டேக்குக்கு வால்வு வழியே போகும். ஆக வழி ஒன்றில்லை, இரண்டு. இரண்டில் எது அடைத்தாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

டீச்சர் காரில் வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். நல்ல வால்வு கிலுகிலுவென்று சத்தம் போடும். இதில் சத்தமே இல்லை, கறுப்புப் பிசின் இறுகிப் போயிருந்தது. ரப்பர் குழாயை வளைத்தால் விரிசல் விட்டது. குளிர் நாடுகளில் இந்தக் குழாய்க்குப் பனிக்கட்டி எதிரி, நம் ஊரில் வெயில் எதிரி. இன்ஜின் ரூமில் வருடக்கணக்கில் வெந்து ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். விரிசல் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போனால் ஐடில் துடிக்கும், செக் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனரில் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்துவிட்டது என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டரைக் கழுவச் சொல்பவர்களும் உண்டு.

வால்வையும் குழாயையும் மாற்றினேன், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். ஹெட் வேலைக்குச் சொன்ன தொகைக்குப் பக்கத்தில்கூட பில் வரவில்லை. இந்த மாதிரி சின்ன பெட்ரோல் காருக்கு அந்த வால்வு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். சர்வீஸ் பட்டியலில் யாரும் அதைத் தொடுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தப் பிரச்சினையின் முழு முகத்தையும் காட்டியது என் அக்கா மகன். வி.ஐ.டி.யில் படித்துவிட்டுக் கனடாவில் வின்னிபெக்கில் வேலை பார்க்கிறான். அங்கே ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி என்பது புதிதில்லை. வீட்டு வாசலிலும் ஆபீஸ் பார்க்கிங்கிலும் காருக்குப் பிளக் பாயிண்ட் வைத்திருப்பார்கள். இன்ஜினுக்குள் பிளாக் ஹீட்டர் என்று ஒன்று இருக்கும், அதைக் கரண்டில் சொருகி வைத்தால் கூலண்ட் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு நாள் வாட்ஸாப்பில் வீடியோ கால். "மாமா, டிப்ஸ்டிக் வெளிய துள்ளி வந்து கெடக்குது. இன்ஜின் பூரா ஆயில் அடிச்சிருக்கு. ஹைவேல ரெண்டு மணி நேரம் வந்தேன், நல்லாத்தான் வந்துச்சு" என்றான். டர்போ பெட்ரோல் வண்டி, அதாவது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ வைத்தது. இழுத்துக்கொண்டு போய் அங்கிருந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டான். பின்பக்கக் கிராங்க் சீல் பிதுங்கிவிட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த கடுங்குளிர் வந்ததும் அதே சீலில் மறுபடி கசிவு.

சீல் மேல் எந்தத் தப்பும் இல்லை. அது வெளியே ஆயில் வராமல் தடுக்கச் செய்த பொருள், உள்ளிருந்து காற்றழுத்தம் தள்ளினால் தாங்காது. அழுத்தம் எங்கிருந்து வந்தது? டர்போ வண்டியில் பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் அழுத்தம், ஏறும்போது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்காது, தள்ளல்தான் இருக்கும். அதனால் அந்தப் பக்கத்து வால்வு மூடிக்கொள்ளும். புகை வேறொரு குழாய் வழியே டர்போவுக்கு முன்னால் இருக்கும் காற்றுக்குழாயில் போய்ச் சேரும். சேரும் அந்த இடத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து சூடான ஈரப்புகை, மறுபக்கத்திலிருந்து மைனஸ் 30 டிகிரியில் பாயும் காற்று. இரண்டும் சந்திக்கும் மூக்கில் ஈரம் அப்படியே உறைந்து, படலம் படலமாக வளர்ந்து, வாயை அடைத்துவிடும். ஊருக்குள் ஊர்ந்தால் ஈரம் சேரும், ஹைவேயில் விரட்டினால் அந்த ஈரம் உறையும். இன்ஜின் சூடாக இருக்கிறது, டெம்பரேச்சர் முள் ஒழுங்காக நிற்கிறது, டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். டிப்ஸ்டிக், டேப்பெட் கவர் பேக்கிங், கிராங்க் சீல் இவற்றில் எது இளைத்ததோ அது முதலில் வழிவிடும்.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், வண்டி ஹீட்டர் போட்ட ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்து ஒரு மணி நேரத்தில் பனிக்கட்டி உருகிவிடும். மெக்கானிக் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும். சாட்சியே இருக்காது. கண்ணுக்குத் தெரிவது பிதுங்கிய சீல் மட்டும், அதனால் சீலை மாற்றுகிறார்கள்.

அவனிடம், "அடுத்த தடவை குளிர்ல ஓட்டிட்டு வந்ததும் உள்ள கொண்டுபோய் நிறுத்தாதேடா. வெளியவே நிறுத்தி, இன்ஜினை அணைச்சிட்டு, அந்தக் குழாயைக் கழட்டி போட்டோ எடு" என்றேன். அனுப்பிய போட்டோவில் குழாய் வாயை முக்கால்வாசி மூடிக்கொண்டு அழுக்கு வெள்ளையில் ஒரு பனிக்கட்டி. நடுவில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை. அந்தப் போட்டோவைக் காட்டிய பிறகுதான், கரண்டில் சூடாகும் கம்பி வைத்த குழாயை வரவழைத்துப் போட்டார்கள். கடுங்குளிர் நாடுகளுக்கு விற்கும் பல இன்ஜின்களில் இந்த மூக்கைச் சூடாக்க ஹீட்டர் இருக்கும், அல்லது கூலண்ட் குழாயை அதை ஒட்டி ஓடவிட்டிருப்பார்கள், அல்லது தடித்த உறை போர்த்தியிருப்பார்கள். ஹீட்டர் கனெக்ஷன் அறுந்திருந்தாலும் குளிர் வரும்வரை யாருக்கும் தெரியாது. கனடா, அமெரிக்கா, ஐரோப்பா என்று நம் பிள்ளைகள் போய்க் காணாத குளிரில் கார் வாங்கி ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: குளிருக்கு முன்னால் டயரை மாற்றுகிறீர்கள் இல்லையா, அன்றைக்கே பி.சி.வி. வால்வையும் குழாயையும் ஹீட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது திடீரென்று விசில் சத்தமோ ஆயில் கருகும் வாசனையோ வந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். வீடு வரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டினால் ஆயில் மொத்தமும் ரோட்டில் போய், பேரிங் பிடித்துவிடும்.

குளிர் அனுபவத்துக்குக் கனடா வரை போகவேண்டியதில்லை. எங்கள் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். என் சித்தப்பாவும் ராணுவத்தில் வண்டி ரிப்பேர் பிரிவான ஈ.எம்.ஈ.யில் இருந்தவர், லடாக்கில் குளிர்காலம் கழித்தவர். இந்த விஷயத்தைச் சொன்னதும், "எங்களுக்குக் காலைல முதல் வேலையே அதான்டா" என்றார். பழைய டிரக்குகளில் பிரீதர் குழாய் கீழே திறந்தே இருக்கும். அதன் வாயில் பனிக்கட்டி கட்டியிருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்து, உடைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்களாம். இரவில் இடையிடையே எழுந்து வண்டியை ஓடவிடும் டியூட்டி வேறு. சின்ன விமானங்களில் இந்தப் பயம் இன்னும் பெரிது. அவற்றின் பிரீதர் குழாயில் கீழ்வாய் உறைந்தாலும் புகை தப்பிக்கட்டும் என்று, மேலே சூடான பகுதியில் ஒரு சின்ன ஓட்டை போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் முன்பக்க சீல் பிதுங்கி, பறக்கும்போதே ஆயில் மொத்தமும் வெளியே போய்விடும்.

மறுபடி வேலூருக்கு வருகிறேன். எனக்குக் கோபம் வரவைக்கும் ஒரு விஷயம் இங்கே உண்டு: தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. கூலண்ட் 80 டிகிரிக்கு மேல் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும் வால்வு அது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு? ஓவர் ஹீட் ஆகும்" என்று சொல்லிப் பிடுங்கிவிடுகிறார்கள், அதைப் பெரிய உதவி என்றும் நினைக்கிறார்கள். பிடுங்கிய பிறகு ஸ்டார்ட் செய்த நிமிடத்திலிருந்தே கூலண்ட் ரேடியேட்டரில் சுற்றும். மார்கழி காலையில் பெங்களூரு ஹைவேயில் ஏறினால் எதிர்க்காற்றில் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும், தண்ணீர் வற்றாது, களிம்பு பிடிக்கும், களிம்பு போய் பி.சி.வி. வழியை அடைக்கும். வண்டி ஓவர் ஹீட் ஆனால் காரணம் ரேடியேட்டர் அடைப்பிலோ ஃபேனிலோ வாட்டர் பம்பிலோ இருக்கும். அதைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டி என்று தெரிந்தால், களிம்புக்கு வேறு காரணமே தேடாமல் முதலில் அதைப் போட்டுக் கொடுப்பேன்.

டீசல் வண்டிக்காரர்கள் இதை வேறு விதமாக அனுபவிக்கிறார்கள். டீசலில் பெட்ரோல் மாதிரி இன்டேக் உறிஞ்சல் கிடையாது. டேப்பெட் கவரிலேயே ஆயிலைப் பிரிக்கும் அறையும், அழுத்தத்தைச் சமன் செய்யும் மெல்லிய ரப்பர் சவ்வும் இருக்கும், புகை டர்போவின் வாய்க்குப் போகும். பழைய வண்டியை வாங்க வருபவர்கள் ஆயில் மூடியைக் கழற்றி வாயின் மேல் தலைகீழாக வைத்து, அது குதிக்கிறதா என்று பார்ப்பார்கள். குதித்தால் பேக் கம்ப்ரஷன், ரிங் போச்சு, இன்ஜின் வேலை என்று முடிவுகட்டி விலையைக் குறைப்பார்கள். அந்தச் சோதனையை நான் முழுக்க ஒதுக்கவில்லை. ஆனால் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ ஆயில் பிரிக்கும் அறை பிசினால் நிரம்பியிருந்தாலோ நல்ல இன்ஜினிலும் மூடி குதிக்கும். குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பார்த்து, அப்போதும் குதித்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, அதற்குப் பிறகு ரிங்கைப் பற்றிப் பேசலாம். ஏலகிரியின் 14 வளைவுகளையும் ஆள் நிரப்பிக்கொண்டு ஏறிய வண்டியில் டர்போ குழாய் ஓரம் கொஞ்சம் ஆயில் ஈரம் இருந்தால் அதற்கும் டர்போவைக் குறை சொல்ல வேண்டாம். ஏற்றத்தில் புளோ-பை கூடும், அதோடு கொஞ்சம் ஆயில் ஆவியும் வரத்தான் செய்யும்.

சிலர் இன்னொரு குறுக்குவழி சொல்வார்கள். பிரீதர் குழாயை இன்டேக்கிலிருந்து பிடுங்கிக் கீழே ரோட்டைப் பார்த்து விட்டுவிடு, இன்டேக் சுத்தமாக இருக்கும் என்று. செய்யவே கூடாது. குழாயைப் பிடுங்கிய ஓட்டையை ஒழுங்காக மூடாவிட்டால் ராணிப்பேட்டை ரோட்டுப் புழுதியெல்லாம் ஃபில்டரைத் தாண்டி நேரே சிலிண்டருக்குள் போகும். விஷப்புகை பின்னால் பைக்கில் வருபவர் மூக்குக்குப் போகும். இழுக்க ஆளில்லாததால் கிராங்க் கேஸ் ஈரமும் உள்ளேயே தங்கும்.

பெட்ரோல் வண்டியில் நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விட்டு, ஆயில் மூடியைக் கழற்றி, ஆயில் ஊற்றும் வாயின் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். மெதுவாக உள்ளே இழுத்து ஒட்டிக்கொண்டால் வழி சரியாக இருக்கிறது. மேலே தூக்கி அடித்தால் அடைப்பு, இல்லை புளோ-பை அதிகம். காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி பலமாக இழுத்து, கூடவே விசில் சத்தமும் கேட்டால் சவ்வு கிழிந்திருக்கிறது அல்லது வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. சில வண்டிகளில் மூடியைத் திறந்ததுமே ஐடில் தடுமாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஃபேன் பெல்ட் பக்கம் கையும் துப்பட்டாவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட் கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால் மூடியில் மட்டும் களிம்போடு நிற்காது. டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் மாதிரி கலங்கியிருக்கும். கூலண்ட் ஊற்ற ஊற்றக் குறையும். இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை நிற்காது. கூலண்ட் டப்பாவில் குமிழி வரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் களிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, வண்டியைப் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கமோ வாலாஜா பக்கமோ ஹைவேயில் ஓட்டிக்கொண்டு போய் வாருங்கள். போகவர ஒரு மணி நேரம் ஆகட்டும். வாரம் ஒரு முறை இப்படி ஓட்டினால் ஆயிலில் சேர்ந்த ஈரம் போய்விடும். வீட்டு வாசலில் நிறுத்தி அரை மணி நேரம் ஐடிலில் உறுமவிடுவது இதற்கு மாற்றாகாது. ஐடிலில் ஆயில் சரியாகச் சூடேறாது, பெட்ரோல் எரிந்து இன்னும் தண்ணீர் சேர்வதுதான் மிச்சம்.

குறைவாக ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றத் தேவையில்லை என்ற எண்ணத்தையும் விடுங்கள். "வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தாண்ணா ஓடுது, 10,000 வரைக்கும் தாங்கும்ல?" என்று கேட்பார்கள். மேனுவலில் 10,000 கிலோமீட்டர் என்று போட்ட இடத்திலேயே ஒரு வருடம் என்றும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அது கணக்கு. குட்டிக் குட்டி ஓட்டமாக 3,000 ஓடிய ஆயில், சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வந்து 10,000 ஓடிய ஆயிலைவிட அதிகமாகக் கெட்டிருக்கும். வடியவிடும்போது முதலில் தண்ணீர்த் துளிகள் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

புல்லட் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு என்னைத் தேடி வரவேண்டாம். பழைய புல்லட்டின் பிரீதர் குழாயில் குளிர்காலத்தில் வெள்ளையாக வழிவது அந்த இன்ஜினின் சுபாவம். துடைத்துவிட்டு நீளமாக ஒரு ரைடு போங்கள்.

சி.என்.ஜி. கார் வைத்திருப்பவர்கள்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், நம் பக்கம் அவை வேகமாகப் பெருகி வருகின்றன. அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன், மீத்தேனில் ஹைட்ரஜன் பங்கு பெட்ரோலைவிட அதிகம். ஒரு கிலோ எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் தண்ணீர் உண்டாகும். காட்பாடி ஸ்டேஷனில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்புவது போன்ற சின்ன ஓட்டமே அந்த வண்டிக்கு வேலையாக இருந்தால், மார்கழி, தை இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைப்ரிட் கார்களுக்கும் இதே கவனம் வேண்டும். ஊருக்குள் பாதி நேரம் பேட்டரியில் ஓடுவதால் அவற்றின் இன்ஜின் அணைந்து அணைந்து எரியும், ஆயில் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும்.